ஊருக்குள் வேண்டாத திட்டம் வந்தால்: முதல் வாரத்திலிருந்து செய்ய வேண்டியவை

ஒரு கிராமத்துக்குப் பெரிய திட்டம் வரப்போகிறது என்ற செய்தி பெரும்பாலும் அரசாணையாக ஊருக்குள் வருவதில்லை. வரப்பில் யாரோ வண்ணம் பூசிய கல்லை நட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தோப்புக்கு மேலே ட்ரோன் பறக்கும். பல வருடங்களாக யாரும் விலை கேட்காத மானாவாரி நிலத்தை, வெளியூர்த் தரகர் ஒருவர் சொன்ன விலைக்கு வாங்கத் தொடங்குவார். அது கல்குவாரியாக இருக்கலாம், மருத்துவக் கழிவு எரிப்பு ஆலையாக இருக்கலாம், நகராட்சிக் குப்பைக் கிடங்காக, சிப்காட் தொழிற்பேட்டையாக, சுரங்கமாக இருக்கலாம். ஊர் விழித்துக்கொள்ளும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.

தாலுகா அலுவலகத்துக்குச் சான்றிதழ் வாங்க மட்டுமே போய்வந்தவர்கள், எந்தப் போராட்டத்திலும் இதற்கு முன் நின்றிராதவர்கள், இப்போது தங்கள் ஊரில் இப்படி ஒன்றை எதிர்கொள்கிறவர்கள்: அவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுச் சட்டங்களையும் அலுவலகங்களையும் மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

மேலூர் வட்டாரத்தில் நடந்ததைப் பலரும் அறிவார்கள். நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக 2024 நவம்பர் 7 அன்று அறிவிப்பு வந்தது. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றியச் சுரங்க அமைச்சகம் அந்த ஏலத்தை ரத்து செய்தது. நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானோர் நடந்து வந்த ஜனவரி 7 பேரணிதான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஆனால் அதற்கு முன்பே, நவம்பர் 23 கிராம சபைகளில் அந்தப் பகுதி ஊராட்சிகள் தீர்மானம் போட்டிருந்தன. டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஏலப் பரப்புக்குள் வந்த அரிட்டாபட்டியின் 193 ஹெக்டேர் 2022-லேயே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டிருந்தது. பேரணி போனபோது, அது போய்ச் சேர்ந்த மேசையில் இந்தக் காகிதங்கள் ஏற்கெனவே இருந்தன.

நான் சொல்ல வருவது இதுதான். உங்கள் எதிர்ப்பு உரிய அலுவலகத்தின் கோப்பில், உரிய கெடுவுக்குள், எழுத்தாக ஏற வேண்டும். டீக்கடையில் பேசியதும் மேடையில் முழங்கியதும் ஊரைத் திரட்ட உதவும். ஆனால் நாளைக்கு ஒரு நீதிபதியோ அமைச்சரோ கேட்கும்போது, கோப்பில் இல்லாதது நடக்காததாகவே ஆகிவிடும்.

முதலில் சர்வே எண்

"நம்ம ஊர் மலையை எடுக்கப் போகிறார்களாம்" என்ற நிலையிலிருந்து, "இந்த வருவாய்க் கிராமம், இந்தப் புல எண்கள் (சர்வே எண்கள்), இத்தனை ஹெக்டேர், இந்த நிறுவனம்" என்ற நிலைக்கு வருவதுதான் முதல் வாரத்தின் முழு வேலை. இது தெரியாமல் எந்த மனுவும் எழுத முடியாது. எழுதினாலும் "அப்படி ஒரு திட்டம் நிலுவையில் இல்லை" என்று பதில் வரும், அதுவும் உண்மையாகவே இருக்கும்.

எங்கே தேடுவது? சுற்றுச்சூழல் அனுமதிக்கான விண்ணப்பங்கள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் ஏறுகின்றன. மாநில அளவில் அனுமதி தருகிற சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையத்தின் கூட்ட நிகழ்ச்சி நிரலும் நடவடிக்கைக் குறிப்புகளும் அங்கேயே கிடைக்கும். மாவட்டத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதித் தேடுங்கள்; ஒரே ஊரின் பெயரை ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு மாதிரி எழுதுவார்கள். அரசுப் புறம்போக்கில் குவாரி ஏலம் என்றால் மாவட்ட அரசிதழில் வரும். நிலம் எடுப்பு என்றால் அரசிதழிலும் நாளிதழ்களிலும் வரும். நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் அந்த விளம்பரத்தைப் படிப்பதற்கென்றே ஊரில் ஒருவரை நியமித்துவிடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தால் அந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

அடுத்து, அந்தப் புல எண்களுக்கான சிட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் ஆகியவற்றை எடுங்கள். பலவற்றை அரசின் இணையச் சேவையிலேயே பார்க்கலாம். மற்றவை கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கும். எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கும் அடங்கல் பதிவேட்டின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அ-பதிவேட்டில் நிலம் எப்படி வகைப்படுத்தப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு எண்ணாகப் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, வண்டிப்பாதை, மயானம் என்று வருவதையெல்லாம் வண்ணப் பென்சிலால் வரைபடத்தில் குறியுங்கள். பஞ்சமி நிலம் இருக்கிறதா என்று தனியாகத் தேடுங்கள். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தலித் மக்களுக்கு நிபந்தனையுடன் ஒப்படைக்கப்பட்ட அந்த நிலங்களைப் பிற சாதியினருக்கு விற்க முடியாது. நிறுவனம் "வாங்கிவிட்டோம்" என்று காட்டும் பத்திரத்தில் அப்படி ஒரு எண் இருந்தால், அது உங்கள் வழக்கின் முதல் பக்கம்.

அடங்கலில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியதைக் குறைத்து எண்ணாதீர்கள். திட்ட அறிக்கைகளில் "தரிசு நிலம், விவசாயம் இல்லை" என்ற வரி பழக்கமாகவே வருகிறது. அதே புல எண்ணில் போன வருடம் நிலக்கடலையும் அதற்கு முந்தைய வருடம் கம்பும் பயிரானதாக கிராம நிர்வாக அலுவலரின் கையெழுத்தோடு அடங்கல் சொன்னால், அரசின் ஆவணமே அந்த வரியைப் பொய்யாக்கிவிடும்.

ஊரைக் கூட்டுவது

ஊரைக் கூட்டுகிறவர்கள் பெரும்பாலும் பட்டாதாரர்களை மட்டுமே கூட்டுகிறார்கள். குத்தகைக்குப் பயிரிடுகிறவர்கள், கூலிக்குப் போகிறவர்கள், ஆடு மேய்க்கிறவர்கள், காலனித் தெருவில் இருக்கிறவர்கள் ஆகியோருக்கு நோட்டீசே வராது, ஏனென்றால் அவர்கள் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் மேய்ச்சல் நிலமும் ஏரியும் போனால் முதலில் பிழைப்பை இழப்பவர்கள் அவர்கள்தாம். அவர்களை விட்டுவிட்டு அமைத்த குழுவை "நிலக்கிழார்கள் சிலர் எதிர்க்கிறார்கள்" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட முடியும். அது மட்டுமல்ல, "உங்களுக்கு வேலை தருகிறோம்" என்ற வாக்குறுதியோடு நிறுவனத்தின் ஆள் முதலில் போய் நிற்பதும் அந்தத் தெருவில்தான். நீங்கள் அதற்கு முன்னால் போங்கள், அவர்கள் கேட்பதற்குக் காது கொடுங்கள். ஊர் அவர்களைக் கோயிலுக்குள் விடாமல் வைத்துக்கொண்டு போராட்டப் பந்தலுக்கு மட்டும் கூப்பிட்டால் வரமாட்டார்கள். வர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

குழுவில் பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம். எல்லாத் தெருக்களிலிருந்தும் ஆள் இருக்கட்டும், பெண்கள் பாதியாவது இருக்கட்டும். தலைவர் பதவிக்குச் சண்டை வரும் போலிருந்தால் தலைவரே இல்லாமல் நடத்துங்கள். ஆனால் கோப்பு வைத்துக்கொள்ள ஒருவர், கணக்கு வைத்துக்கொள்ள ஒருவர் கட்டாயம் வேண்டும். வசூலாகும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ரசீது போட்டு, மாதக் கடைசியில் கணக்கைக் கோயில் சுவரிலோ நியாயவிலைக் கடை வாசலிலோ ஒட்டுங்கள். வெளியிலிருந்து வரும் மிரட்டலைத் தாங்கி நின்ற ஊர்கள் கணக்குத் தகராறில் கலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன்.

நிலத்தை விற்க விரும்புகிறவர்களும் ஊரில் இருப்பார்கள். மகள் கல்யாணக் கடன், மருத்துவச் செலவு என்று அவர்களுக்குக் காரணம் இருக்கும். அவர்களைத் துரோகி என்று சொல்லாதீர்கள். சொன்ன மறுநாளே அவர் விற்றுவிடுவார், கூடவே இன்னும் நான்கு பேரை அழைத்துப் போவார்.

தகவல் உரிமை மனு

2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்தக் கட்டணமும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கும் போகலாம்.

புதியவர்கள் செய்கிற பிழை, "ஏன்" என்று கேட்பது. "எங்கள் ஊரில் ஏன் குவாரிக்கு அனுமதி கொடுத்தீர்கள்?" என்றால் அது தகவல் கோரிக்கை ஆகாது என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லி நகல் கேளுங்கள். குவாரி என்றால் மாவட்டக் கனிமவளத் துறைக்கு இப்படி எழுதலாம்:

1. இன்ன வருவாய்க் கிராமம், இன்ன புல எண்களில் குவாரி குத்தகை கோரி வந்த விண்ணப்பத்தின் நகல்.
2. அதன் மீது வட்டாட்சியர், கோட்டாட்சியர், கனிமவளத் துறை அலுவலர்கள் அளித்த ஆய்வு அறிக்கைகளின் நகல்.
3. ஒப்புதல் அளிக்கப்பட்ட சுரங்கத் திட்டத்தின் நகல், வரைபடங்களுடன்.
4. மேற்படி புலங்களின் எல்லையிலிருந்து 500 மீட்டர் சுற்றளவில் உள்ள குவாரிகளின் பட்டியல், பரப்பளவுடன்.
5. இந்தக் கோப்பை நேரில் பார்வையிட நாளும் நேரமும்.

ஐந்தாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். கோப்பை நேரில் பார்க்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. நகலில் வராத அலுவலகக் குறிப்புகளும் "ஊர் மக்கள் ஆட்சேபம் ஏதுமில்லை" என்று யாரோ எழுதிவைத்த வரியும் அங்கேதான் கண்ணில் படும்.

நான்காவது கேள்வி எதற்கென்றால், 5 ஹெக்டேருக்குக் குறைவான தனிக் குவாரி, பொதுமக்கள் கருத்துக் கேட்பு இல்லாமலேயே அனுமதி பெற்றுவிட முடியும். அதனால் ஒரே மலையை 4.9 ஹெக்டேர், 4.5 ஹெக்டேர் என்று துண்டு போட்டு வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பிப்பது வழக்கமாகிவிட்டது. 500 மீட்டருக்குள் அமைந்த குவாரிகளைத் தொகுதியாகச் சேர்த்துக் கணக்கிட்டு 5 ஹெக்டேரைத் தாண்டினால் கருத்துக் கேட்பு தேவைப்படும். இந்தக் கூட்டலை ஊர்தான் போட்டுக் காட்ட வேண்டும். கூடவே, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் உடைக்கக் குத்தகை தரக் கூடாது என்று தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் சொல்கின்றன. ஆய்வு அறிக்கையில் கடைசி வீட்டின் தூரம் என்ன என்று எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்து, நீங்களும் நாடா பிடித்து அளந்து பாருங்கள்.

கிராம சபைத் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. இடையில் அவசரம் வந்தால் சிறப்புக் கூட்டம் கேட்டு ஊராட்சித் தலைவருக்கும் ஆட்சியருக்கும் எழுதுங்கள். தலைவர் இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் ஊராட்சி இருந்தால் அவருக்கு எழுதுங்கள்.

கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50, 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300 பேர். இந்த எண்ணிக்கை குறைந்தால் நீங்கள் போட்ட தீர்மானம் செல்லாது என்று சொல்ல வழி கிடைத்துவிடும். வந்தவர்கள் அனைவரும் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்வரை யாரையும் எழுந்துபோக விடாதீர்கள்.

தீர்மானத்தை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். "இத்திட்டத்தை வன்மையாகக் கண்டிக்கிறோம்" என்று மட்டும் இருந்தால் பயன் குறைவு. இப்படி இருக்கட்டும்: "இன்ன ஊராட்சி, இன்ன புல எண்களில் அமையவிருக்கும் இன்ன திட்டத்தால், 40 ஏக்கர் பாசனம் பெறும் பெரிய ஏரியின் வரத்துக் கால்வாய் (புல எண் இன்னது) அடைபடும், ஊராட்சியின் குடிநீர்க் கிணறு 200 மீட்டர் தூரத்தில் உள்ளது, மேய்ச்சல் நிலம் 18 ஏக்கர் இழக்கப்படும். ஆகவே இத்திட்டத்துக்கு எந்தத் துறையும் அனுமதி வழங்கக் கூடாது என இக்கிராம சபை தீர்மானிக்கிறது." எண்களை உங்கள் ஊருக்கு ஏற்ப உண்மையாக நிரப்புங்கள். தீர்மானப் பதிவேட்டில் எழுதியதும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சான்றிட்ட நகல் வாங்கி ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம், சம்பந்தப்பட்ட துறைச் செயலர் ஆகியோருக்கு ஒப்புகையோடு அனுப்புங்கள்.

இதன் பலம் எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒடிசாவின் நியமகிரியில் 2013-ல் 12 கிராம சபைகள் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை மறுத்தன, சுரங்கம் நின்றது. அங்கே வன உரிமைச் சட்டம் இருந்தது, உச்ச நீதிமன்ற உத்தரவும் இருந்தது. தமிழ்நாட்டில் மலைக் கிராமங்கள், வனத்தையொட்டிய ஊர்கள் அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்க முடியும். சமவெளி ஊருக்கு அந்த அளவு சட்ட பலம் கிடையாது. பரந்தூர் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும், 2025-ல் ஒன்றிய அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. ஆகவே தீர்மானம் போட்டுவிட்டோம் என்று யாரும் வீட்டுக்குப் போய்விடக் கூடாது. வழக்கிலும் சட்டமன்றத்திலும் ஊரின் நிலைப்பாட்டுக்குச் சான்றாகக் காட்ட அதைவிட வலுவான ஆவணம் வேறில்லை, அதனால் போடாமலும் இருக்கக் கூடாது.

கருத்துக் கேட்புக் கூட்டம்: இதற்குத்தான் அதிக உழைப்பு வேண்டும்

2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, பெரிய திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழ்களில் அறிவிப்பு வர வேண்டும். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகம், மாவட்டத் தொழில் மையம், வாரியத்தின் மாவட்ட அலுவலகம், உள்ளாட்சி அலுவலகம் போன்ற இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். தமிழில் சுருக்கமும் இருக்க வேண்டும்.

முழு அறிக்கை சில நூறு பக்கங்கள், ஆங்கிலத்தில். பயந்துவிடாதீர்கள். ஊரில் கல்லூரி முடித்த பிள்ளைகளிடம் ஆளுக்கு ஓர் அத்தியாயமாகப் பிரித்துக் கொடுங்கள். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவர்கள் தேட வேண்டியது ஊரைப் பற்றிய வரிகளைத்தான். 10 கிலோமீட்டர் சுற்றளவு வரைபடத்தில் நம் ஏரி இருக்கிறதா? நீர்நிலைகள் பட்டியலில் ஓடையின் பெயர் இருக்கிறதா? காற்று, நீர் மாதிரிகளை எந்த மாதத்தில், எந்த இடத்தில் எடுத்ததாக எழுதியிருக்கிறார்கள்? அந்த இடத்தில் அப்படி ஒரு கருவி வைத்ததை யாராவது பார்த்தார்களா? மரம், பறவைப் பட்டியலில் நம் வட்டாரத்தில் இல்லவே இல்லாதவை இருக்கின்றனவா? இப்படிப்பட்ட அறிக்கைகளில் வேறு மாவட்டத்தின் ஊர்ப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு கிடப்பதும் உண்டு. கண்டுபிடித்த ஒவ்வொன்றையும் பக்க எண்ணோடு எழுதி வையுங்கள். தமிழ்ச் சுருக்கத்தையும் ஆங்கில அறிக்கையையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். வெடிவைப்பு, கழிவுநீர் போன்ற சொற்கள் சுருக்கத்தில் காணாமல் போயிருக்கலாம்.

இன்னொரு பக்கம் உங்கள் சொந்தக் கணக்கெடுப்பு நடக்கட்டும். நான் எல்லா ஊர்களிலும் முதலில் கேட்பது கிணற்றுப் பட்டியல். ஒரு சாதாரணக் கோடு போட்ட நோட்டு. புல எண், கிணறா போர்வெல்லா, ஆழம், மே மாதத்தில் தண்ணீர் எத்தனை அடியில், மார்கழியில் எத்தனை அடியில், என்ன பயிர், எத்தனை மணி நேரம் மோட்டார் ஓடும். ஒவ்வொரு வரிக்கும் நேராகச் சொன்னவரின் கையெழுத்தோ ரேகையோ. கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, ஈரம் பட்ட இடம்வரை நாடாவால் அளந்து, அதைப் படம் எடுத்து வைத்திருந்தார்கள் ஓர் ஊர்ப் பெண்கள். "அப்பகுதியில் நிலத்தடி நீர்ப் பயன்பாடு குறைவு" என்ற நிறுவனத்தின் வரிக்கு அந்த நோட்டை எடுத்து வைத்தபோது எதிர்த்தரப்பு ஆலோசகரிடம் பதில் இல்லை.

கூட்டத்தைப் புறக்கணிக்கலாமா என்று எல்லா ஊர்களிலும் விவாதம் வரும். புறக்கணிக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இந்தக் கூட்டத்துக்குக் குறைந்தபட்ச எண்ணிக்கை எதுவும் கிடையாது. நீங்கள் வராவிட்டாலும் வந்த நான்கு பேர் பேசியதோடு அது நடந்து முடிந்ததாகவே பதிவாகும். கோபத்தைக் காட்ட வெளிநடப்பு செய்வதாக இருந்தாலும், எழுத்து மூலமான ஆட்சேபங்களைக் கொடுத்து ஒப்புகை வாங்கிய பிறகு செய்யுங்கள். கூட்டத்துக்கு முன்பே வாரியத்துக்கு எழுதி அனுப்பவும் முடியும். நூறு பேர் ஒரே அச்சடித்த தாளில் கையெழுத்திட்டு அனுப்புவதைவிட, முப்பது பேர் தத்தம் பாதிப்பைத் தம் சொந்த வார்த்தையில் எழுதுவது மேல்.

அன்றைக்குக் காலையிலேயே போய் முன்வரிசையில் உட்காருங்கள். வெளியூரிலிருந்து வேனில் வந்து இறங்குகிறவர்கள் "வேலைவாய்ப்பு வேண்டும்" என்று பேசுவார்கள். அவர்களோடு கைகலப்பு வேண்டாம். கூட்டம் கலவரமாவது உங்களுக்கு உதவாது. பேசுகிறவர் ஒவ்வொருவரும் பெயர், ஊர் சொல்லி, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பேசட்டும். ஒருவர் கிணறு, ஒருவர் பள்ளிக்கூடம் போகும் பாதையில் ஓடப்போகும் லாரி, ஒருவர் ஆடு மாடு, ஒருவர் அறிக்கையின் பக்க எண் பிழைகள் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும் எழுதியதைக் கையில் கொடுங்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெரும்பாலோர் கிளம்பிவிடுவார்கள். இருக்க வேண்டியது அப்போதுதான். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் எல்லோருக்கும் படித்துக் காட்ட வேண்டும் என்று அறிவிக்கை சொல்கிறது. படிக்கச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் சொன்னது விடுபட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். கூட்டம் முழுவதும் வீடியோ எடுக்கப்பட வேண்டும். அதன் நகலையும் பின்னர் தகவல் உரிமையில் கேளுங்கள்.

நிலம் எடுப்பு நோட்டீஸ் வந்தால்

முதலில் எந்தச் சட்டத்தின் கீழ் என்று பாருங்கள். எல்லாமே அதைப் பொறுத்தது. 2013-ஆம் ஆண்டின் மத்திய நில எடுப்புச் சட்டம் என்றால் சமூகத் தாக்க மதிப்பீடு உண்டு, ஆட்சேபத்துக்கு 60 நாள் உண்டு, தனியார் திட்டம் என்றால் 80 சதவீதக் குடும்பங்களின் சம்மதம் வேண்டும். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் 21 நாள்தான். சிப்காட் போன்றவற்றுக்குப் பயன்படும் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நில எடுப்புச் சட்டம் என்றால் சம்மத விகிதம் என்பதே கிடையாது. 2019-ல் சட்டமன்றம் அதற்குப் புத்துயிர் கொடுத்தது, 2021-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. "80 சதவீதம் பேர் கையெழுத்துப் போடாமல் எடுக்க முடியாது" என்று நம்பிக்கொண்டு நோட்டீசுக்குப் பதில் தராமல் இருந்த குடும்பங்கள் நிறைய. 2023-ல் வந்த நில ஒருங்கிணைப்புச் சட்டத்தையும் கவனியுங்கள். நீர்நிலைகளை உள்ளடக்கிய 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தைச் சிறப்புத் திட்டமாக அறிவிக்க அது வழிசெய்கிறது.

ஆட்சேபத்தை ஒவ்வொரு பட்டாதாரரும் தனித்தனியாக எழுத வேண்டும். கூட்டுப் பட்டாவென்றால் ஒவ்வொரு பங்குதாரரும். வெளிநாட்டில் வேலை செய்கிற மகன் பெயரில் இருக்கும் நிலமும் விடுபடக் கூடாது. குத்தகைதாரர் "எனக்கு இந்நிலத்தில் உரிமை இருக்கிறது" என்று தனியாக எழுதலாம், எழுத வேண்டும். இழப்பீடு போதாது என்று மட்டும் எழுதினால், நிலம் தர சம்மதித்துவிட்டதாகப் பொருள்கொள்ள இடம் கொடுப்பீர்கள். முதல் வரியிலேயே நிலம் எடுப்பதை ஆட்சேபிப்பதாக எழுதிவிடுங்கள். நேர் விசாரணைக்கு அழைத்தால் போங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள்.

நீதிமன்றமும் தீர்ப்பாயமும்

சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்துவிட்டால் அதை எதிர்த்து தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் கிடைக்கும். 90 நாள் தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயமான வழக்காக இருந்தாலும் கதவு மூடிவிடும். அனுமதி வெளியான முதல் நாளிலிருந்து எண்ணுங்கள், உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து எண்ணாதீர்கள். இதற்காகவே பரிவேஷ் தளத்தை வாரம் ஒருமுறை ஒருவர் பார்த்துவர வேண்டும். தென்மண்டல அமர்வு சென்னையில் இருக்கிறது. இழப்பீடு கேட்காத வழக்குக்குக் கட்டணம் 1,000 ரூபாய்.

வழக்கறிஞருக்குப் பணமில்லையே என்று நிற்க வேண்டாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். மனுதாரராக ஒருவரை மட்டும் நிறுத்தாதீர்கள். அவர் மீது எல்லா அழுத்தமும் வந்து குவியும். ஐந்தாறு பேர் சேர்ந்து போடுங்கள், பெண்களும் இருக்கட்டும்.

தெருவில் இறங்கும்போது

செய்யாறு அருகே மேல்மா சிப்காட் விரிவாக்கத்தை எதிர்த்த விவசாயிகளில் 7 பேர் மீது 2023 நவம்பரில் குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கடும் கண்டனத்துக்குப் பின் அவர்களில் 6 பேர் மீதானது திரும்பப் பெறப்பட்டது. அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களுக்கே அப்படி நேர்ந்தது என்பதை மனத்தில் வைத்துத் தயாராகுங்கள். கூட்டம், பேரணி எதுவானாலும் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி கேட்டு ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் மறுப்பையும் எழுத்தில் கேளுங்கள். கைது நேர்ந்தால் உடனே அழைக்க வேண்டிய வழக்கறிஞரின் எண்ணை எல்லோரும் கையில் எழுதிக்கொள்ளுங்கள். கல்லெறிபவர், அளவைக் கருவியைப் பிடுங்குபவர் உங்கள் பக்கத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. அளக்க வருகிற நில அளவரும் ஏதோ ஓர் ஊரின் விவசாயி மகன்தான். அவரிடம் ஆணையின் நகலைக் கேளுங்கள், பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், ஆட்சேபத்தை எழுதிக் கொடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நிருபரிடம் சொல்லாதீர்கள். "புற்றுநோய் வரும், ஊரே அழியும்" என்ற பேச்சைவிட "எங்கள் குடிநீர்க் கிணறு 200 மீட்டரில் இருக்கிறது, இதோ வரைபடம்" என்பது செய்தியில் நிற்கும். ஒரு எண் பொய்யென்று ஆனால் மற்ற எல்லா எண்களும் சந்தேகத்துக்குள்ளாகும்.

திட்டம் கைவிடப்பட்டால்

வாய்மொழி உறுதியை நம்பிப் பந்தலைப் பிரிக்காதீர்கள். மேலூரில் 2024 டிசம்பர் இறுதியில், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விலக்கிவிட்டு எல்லையை மறுஆய்வு செய்யலாம் என்று ஒன்றிய அரசு சொன்னது. மக்கள் அதை ஏற்கவில்லை, முழுவதும் ரத்து வேண்டும் என்று நின்றார்கள். ஒரு மாதத்துக்குள் முழு ரத்து வந்தது. எல்லையை நகர்த்துகிறோம் என்ற பேச்சு வரும்போது, பக்கத்து ஊரை விட்டுக்கொடுத்து உங்கள் ஊரைக் காப்பாற்றிக்கொள்ளும் ஆசையும் கூடவே வரும். அதற்கு இடம் கொடுத்தால் அடுத்த முறை உங்களுக்காக யாரும் நடந்து வரமாட்டார்கள்.

ரத்து ஆணையின் நகலை வாங்கி, அதில் எந்தத் திட்டம், எந்தப் புல எண்கள் என்று தெளிவாக இருக்கிறதா என்று படியுங்கள். நிறுவனம் விலகியதா, அந்த இடமே விலக்கப்பட்டதா என்பது வேறு வேறு. முன்னது மட்டும் என்றால் வேறு நிறுவனம் வரலாம். சேலம்–சென்னை எட்டுவழிச் சாலை விவகாரத்தில், நிலம் எடுத்து முடிவதற்கு முன்பே வருவாய்ப் பதிவேடுகளில் உரிமையாளர் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன. அவற்றைப் பழையபடி திருத்த நீதிமன்றம்தான் உத்தரவிட வேண்டியிருந்தது. ஆகவே ஆணை வந்த வாரத்திலேயே ஒவ்வொருவரும் தம் சிட்டாவைப் புதிதாக எடுத்து, பெயர், பரப்பு, வகைப்பாடு மூன்றையும் பழைய நகலோடு ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் வட்டாட்சியருக்கு அன்றே மனு எழுதி, ஒப்புகையை அதே கோப்பில் சேருங்கள்.